கூட்டிச் சொல்லும் பொருள்

இரண்டு பெயர்ச்சொற்கள் அருகருகே நிற்கும்போது அவற்றினிடையே தோன்றும் பொருள் எங்கிருந்து வருகிறது என்னும் வினா இலக்கணம் பயிலும் மாணவருக்குப் புதியதன்று. 'பொன்மணி' என்னும் தொகையைப் பொன்னாலாகிய மணி என விரிக்கலாம். பொன்னாகிய மணி எனவும், பொன்னோடு சேர்ந்த மணி எனவும், பொன்னும் மணியும் எனவும் விரிக்கலாம். இவ்வாறு மயங்கும் தொகைகளின் பொருள் இரண்டு முதல் ஏழு வரை செல்லுமென நன்னூலார் வரம்பு கட்டினார். பொன் என்னும் சொல்லைத் தனியே துருவினாலும், மணி என்னும் சொல்லைத் தனியே துருவினாலும், இவ்விரிவுகளுள் ஒன்றேனும் அகப்படாது. தொக்கு நிற்பது எதுவெனத் துணிபவன் விரிப்பவனே. இலக்கணத்தில் இதனாற் பெருங்கேடு விளைவதில்லை. பொன்மணியைப் பிழையாக விரித்த மாணவன் பரீட்சையில் ஓரிரு புள்ளிகளை இழப்பான், அவ்வளவே.

அருகருகே நிற்பவை சொற்களாக அன்றி, ஒருவருடைய வாழ்வைக் குறித்துப் பரப்பப்பட்ட குறிகளாக இருப்பின் என்னாகும்? அவற்றிடையே தொக்கு நிற்பதை விரிப்பவன் எத்தகைய பொறுப்பை ஏற்கிறான்? சோதிடம் மெய்யா பொய்யா என்னும் பழைய பட்டிமன்றத்தை மீண்டும் கூட்டுவது ஈண்டு நோக்கமன்று. அது இரு திறத்தாருக்கும் அலுத்துவிட்டது. குறி சொல்பவன் ஏமாற்றுக்காரன் அல்லன், தன் கலையை முழுமனத்தோடு நம்புபவன் என்று வைத்துக்கொண்டாலும் தீராது நிற்கும் ஒழுக்கப் பிரச்சினை ஒன்று உண்டு. அதுவே இங்கு கருதப்படுவது.

மேலைநாட்டில் லெனோர்மான் சீட்டுகள் எனப்படுபவை இப்பிரச்சினையை வெளிப்படையாகக் காட்டுவன. மாரி ஆன் லெனோர்மான் என்பவர் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலும் நெப்போலியன் காலத்திலும் பாரிஸ் நகரிற் பெயர்பெற்ற குறிகாரி. 1772இல் பிறந்து 1843இல் மறைந்தவர். தம் பெயரைத் தாங்கும் சீட்டுக்கட்டை அவர் கண்டதில்லை. அவர் இறந்த பின்னரே அப்பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் மூலமோ, 1799 அளவில் ஜேர்மனியின் நூரம்பேர்க்கில் வெளிவந்த, ஹெக்டெல் என்பவருடைய 'நம்பிக்கை விளையாட்டு' என்னும் பொழுதுபோக்கு. முப்பத்தாறு சீட்டுகளை வரிசைக்கு ஆறாகப் பரப்பி, தாயம் உருட்டிக் காய் நகர்த்துவர். முப்பத்தைந்தாம் சீட்டாகிய நங்கூரத்தை அடைந்தவர் வென்றவர். பரமபதம் ஆடியோருக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். வீட்டில் விளையாடும் ஆட்டமொன்று விதியுரைக்கும் கருவியாகிய விந்தை, தனியே ஆராயத்தக்கது.

கப்பல், வீடு, முகில், பாம்பு, பிரேதப்பெட்டி, கோபுரம், மோதிரம், கடிதம், நங்கூரம் என இச்சீட்டுகளிலுள்ள படங்கள் யாவும் சாதாரணப் பொருள்களே. தனிச்சீட்டு அதிகம் பேசாது. அடுத்த சீட்டோடு சேர்ந்தே பேசும். முதற் சீட்டைப் பெயராகவும் அடுத்ததை அதன் அடைமொழியாகவும் கொள்வது இன்று பரவலாகக் கைக்கொள்ளப்படும் முறை. கப்பலை அடுத்து மோதிரம் விழுந்தால் தூரதேசத்துச் சம்பந்தம் எனலாம். கடல்கடந்த வணிக உடன்படிக்கை எனவும் சொல்லலாம். கப்பலை அடுத்துப் பிரேதப்பெட்டி வந்தால் பயணம் நின்றுபோகும் எனலாம், பயணத்தில் நோய் காணும் எனலாம், மரணவீடொன்றுக்குப் பயணம் நேரும் எனலாம். கேட்பவர் வியாபாரியானால் ஒன்று, மாலுமியின் மனைவியானால் வேறொன்று. நன்னூலார் ஏழுடன் நிறுத்தினார்; சீட்டுப் பரப்புவோருக்கு அத்தகைய வரம்பு இல்லை.

அப்படங்களின் பொருளும் படங்களுக்குள் இருப்பதன்று. பாம்புச் சீட்டு அவர்களுக்கு வஞ்சகத்தையும் மறைமுகப் பகையையும் குறிக்கும். நயினாதீவின் கதை வேறு. அங்கே, புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக் கொண்டு நீந்திவந்தது நாகம். வழிமறித்த கருடனுக்கஞ்சி அது சுற்றிக்கொண்ட கல்லும், கருடன் இருந்த கல்லும் இன்றும் கடலிடையே காட்டப்படுகின்றன. அவ்வழி வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்காக இரந்து நின்று, தன் பொருளைக் கொடுத்து அதன் உயிரை மீட்டான் என்பது ஐதிகம். நாகபூசணி என அம்மனே அதனை அணிந்து நிற்கும் ஊரில், பாம்புப் படத்தைப் பார்த்து வஞ்சகம் என்பார் யார்? சிலப்பதிகாரமும் இதனை அறியும். சிலம்பு விற்கப் புறப்பட்ட கோவலனை நோக்கி ஏறு ஒன்று பாய்ந்து வருகிறது. அது தீநிமித்தம் என்பது ஆயர் வழக்கு. வணிகர் குலத்தவனாகிய கோவலன் அதனை அறியான், கடந்து செல்கிறான். குறி ஏற்றிடம் இருந்ததா, ஆயரின் வழக்கில் இருந்ததா என்ற கேள்விக்கு இளங்கோவடிகள் தரும் விடை ஐயத்துக்கு இடமற்றது.

யாழ்ப்பாணத்திற் சீட்டுப் பரப்பிக் குறி கேட்கும் வழக்கம் வேரூன்றியதில்லை. கடதாசி அங்கே பொழுதுபோக்குக்கே உரியது. ஆனால் குறிகளைக் கூட்டிப் பொருள்கொள்ளும் கலை அதற்கு நெடுங்காலமாகத் தெரிந்தது. தம்பதெனிய அரசவையில் 1310இல் சரசோதிமாலை அரங்கேறியது. யாழ்ப்பாண அரசர் காலத்திற் செகராசசேகரமாலை எழுந்தது. இரண்டும் சோதிட நூல்களே. இன்றைக்கும் கொக்குவிலின் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவிலின் திருக்கணித பஞ்சாங்கமும் வீட்டுக்கு வீடு தொங்குகின்றன. தீவகத்தில் சாத்திரியாரிடம் கொண்டு செல்லப்படும் கேள்விகளும் பெரும்பாலும் மூன்றே: பெண்ணுக்கு எப்போது கலியாணம் ஒப்பேறும், பிள்ளைக்கு வெளிநாடு சரிவருமா, போனவர் திரும்புவாரா. தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்துப் பிழைத்து, பின்னர் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறிய ஒரு சமூகத்தின் வரலாறு முழுவதும் இம்மூன்று கேள்விகளுள் அடங்கும்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்க. செவ்வாய் ஏழிலோ எட்டிலோ நிற்பது குற்றம். ஆனால் அது ஆட்சி பெற்றிருந்தால் விலக்கு. உச்சம் பெற்றிருந்தால் விலக்கு. வியாழன் பார்த்தால் விலக்கு. மறுசாதகத்திலும் செவ்வாய் அவ்வாறே நின்றால் பொருத்தம். விலக்குகள் இத்தனை இருக்கும்போது, ஒரே குறிப்பைக் கொண்டு ஒரு சம்பந்தத்தைச் சேர்க்கவும் முடியும், பிரிக்கவும் முடியும். எந்த விலக்கைத் தேடுவது, எதனைத் தேடாது விடுவது என்பதைக் கிரகம் தீர்ப்பதில்லை. மனமில்லாத சம்பந்தத்தை மறுப்பதற்குச் 'சாதகம் பொருந்தவில்லை' என்பதைவிட நாகரிகமான வாசகம் யாழ்ப்பாணத்தாரிடம் இல்லை என்பதையும் யாவரும் அறிவர். சீதனம் போதாமையும் சாதி பற்றிய ஐயமும் செவ்வாயின் தலையில் ஏற்றப்படுகின்றன. செவ்வாய் மறுத்துப் பேசாது. முப்பது வயதைக் கடந்த பெண் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். அவளை இருத்தியவர் ஒருவரும் இலர்.

'பொருளைத் தருவது விதிகளே. சொல்பவன் வெறும் வாயில்' என்று இதற்கு மறுமொழி கூறப்படும். இம்மறுமொழியைச் சோதிக்க யாழ்ப்பாண வரலாறே ஒரு நிகழ்ச்சியைத் தருகிறது. 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் கூறியதையும் மேனாட்டுக் கணிப்பையும் வட்டுக்கோட்டைச் செமினரியின் மிஷனரிமார் ஒப்புநோக்கினர். பஞ்சாங்கக் கணிப்புச் சில நிமிடங்கள் பிழைத்தது. டானியல் பூவர் முதலியோர் இதனைப் பெருவெற்றியாகக் கொண்டனர். பின்னர் அதே செமினரியைச் சேர்ந்த ஹொய்சிங்டன், உள்ளமுடையானின் தமிழ்க் கணித நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1848இல் வெளியிட்டதற்கும் அடிப்படை இந்த நோக்கே. கணக்கு வீழ்ந்தால் பலனும் வீழும் என அவர்கள் எண்ணினர். பலன் வீழவில்லை. கணக்கைத் திருத்திக்கொண்ட திருக்கணிதம் வந்தது. திருந்தாத வாக்கியமும் நின்றது. பலன் இரண்டின்மீதும் ஒரே உறுதியோடு சொல்லப்படுகிறது. கணக்குப் பிழைத்தபோது தளராத ஒன்று, கணக்குச் சரியாக இருந்தபோதும் அக்கணக்கிலிருந்து பிறந்ததாக இருக்க முடியாது. கிரகணம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது வானத்தைப் பற்றிய கூற்று. அதனால் இன்னாருக்கு இன்னது ஆகும் என்பது கூட்டிச் சொல்பவருடைய கூற்று. இரண்டையும் ஒரே ஏட்டில் அச்சிடுவதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

குறிகளைக் கூட்டிப் பொருள்கொள்வதே பிழை என்று இதனாற் கொள்ளலாகாது. நெடுந்தீவுக் கடற்றொழிலாளி செய்வதும் அதுதான். சோளகக் காலத்தில் காற்றின் வேகம், முகிலின் நிறம், நீரோட்டத்தின் போக்கு ஆகியவற்றை ஒருங்கே பார்த்து, வள்ளத்தை இறக்குவதா கரையில் விடுவதா எனத் துணிகிறான். தனி முகில் அவனுக்கும் ஒன்றும் சொல்வதில்லை. புகை கண்டு நெருப்பை உணர்தல் கருதலளவை எனச் சைவசித்தாந்த நூல்கள் கூறும். நயினாதீவே மணிபல்லவம் எனக் கொள்வார் கூற்று ஏற்கத்தக்கதாயின், அத்தீவைக் கதைக்களமாகக் கொண்ட மணிமேகலைதான் போலி அனுமானங்களை வகைப்படுத்திப் பேசும் தமிழ்க் காவியமும் ஆகும். தொழிலாளியின் கூட்டலுக்கும் சாத்திரியாரின் கூட்டலுக்கும் வேறுபாடு, ஒன்றில் அறிவும் மற்றதில் அறியாமையும் இருப்பதன்று. கடல் அன்று மாலையே விடை சொல்லிவிடும். பிழையாகக் கூட்டியவன் நனைந்து திரும்புவான், அல்லது திரும்பமாட்டான். அவன் கூட்டிய பொருளின் விளைவை அவனே முதலிற் சுமக்கிறான். சாத்திரியாரின் கூற்றுக்கு அத்தகைய மாலைப்பொழுது வருவதில்லை. பலித்தால் சாத்திரத்தின் பெருமை; பலியாவிடில் பிறந்த நேரம் சரியாகக் குறிக்கப்படவில்லை. விளைவைச் சுமப்பவர் எப்போதும் கேட்டவரே.

நெடுந்தீவைப் பற்றிப் பேசுவோர் 1985 மே 15ஆம் திகதியை விலக்கிப் பேச முடியாது. அன்று காலை மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஆண், பெண், குழந்தை என இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதனைச் செய்தனர் எனத் தப்பியோர் சாட்சியம் கூறினர். கி.மு. 216இல் கன்னேப் போர்க்களத்தில் மாண்ட உரோமர் அனைவரும் ஒரே நட்சத்திரத்திற் பிறந்தவரோ என்று, குறிபார்த்தல் பற்றிய தம் நூலில் சிசரோ கேட்டார். அவ்வினாவைக் குமுதினியில் இருந்தவர்களைக் குறித்துக் கேட்கும்போது அது தருக்க விளையாட்டாக இருப்பதில்லை. பலவகை வயதினரும் அதில் இருந்தனர். அவர்களுடைய சாதகங்களும் வெவ்வேறு. ஊருக்குப் பொதுவான யோகம் தனியாளின் யோகத்தை மேவும் என்பர் சிலர். அவ்வாறாயின் தனியாளின் குறிப்பைப் பார்த்து நாள் குறிப்பதாற் பயன் யாது? அந்தப் படகை நிறுத்தியவர் மனிதர். மனிதர் செய்ததைச் சனியும் இராகுவும் செய்ததாகக் கூட்டிச் சொல்லும்போது, குற்றம் புரிந்தவர் வாக்கியத்தின் எழுவாயிலிருந்து நழுவிவிடுகின்றனர்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி எழுகிறது: போனவர் திரும்புவாரா? 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் நுழைந்தபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை ஆகிய இடங்களிற் பிடிக்கப்பட்ட இளைஞர் பலர் இற்றைவரை திரும்பவில்லை. 2009இல் போர் முடிந்தபோது காணாமற்போனோர் தொகை வடகிழக்கு முழுவதும் மேலும் பெருகிற்று. தாய்மார் முகாம்களுக்குச் சென்றனர், ஆணைக்குழுக்களின் முன் சென்றனர், சாத்திரியாரிடமும் கட்டுச் சொல்வோரிடமும் சென்றனர். முதலிரண்டு இடங்களிலும் விடை கிடைக்கவில்லை. மூன்றாவது இடத்திற் கிடைத்தது. பன்னிரண்டாம் இடம் அயலூரையும் சிறையையும் குறிக்கும். அங்கே இராகு நின்றால் கடல்கடந்த இடம் எனலாம். ஆயுளுக்குரிய சனி கெடவில்லை. ஆகவே மகன் உயிருடன் இருக்கிறான், தூர இடமொன்றில் அடைபட்டிருக்கிறான், தை பிறந்தபின் செய்தி வரும். லெனோர்மான் சீட்டுப் பரப்பியிருந்தால் கப்பலும் கோபுரமும் அருகருகே விழுந்து இதே வாக்கியத்தைத் தந்திருக்கும். தனிமையையும் அடைப்பையும் குறிக்கும் சீட்டு அக்கோபுரம்.

இவ்வாக்கியம் எங்கிருந்து வந்தது? பன்னிரண்டாம் இடம் விரயத்தையும் குறிக்கும். அதே கட்டத்தை வைத்து நேர்மாறான வாக்கியத்தையும் அமைத்திருக்கலாம். அமைக்காததற்குக் காரணம் கட்டத்தில் இல்லை. எதிரே அமர்ந்திருந்த தாயின் முகத்தில் இருந்தது. இதிற் கருணை இல்லையென்று எவரும் கூறார். சாத்திரியாரும் அவ்வூரவரே, அவர் வீட்டிலும் ஒருவர் காணாமற்போயிருக்கலாம்.

தமிழ் இலக்கியத்தின் தொன்மையான ஆறுதல் ஒன்றும் இத்தகையதே. போருக்குச் சென்ற தலைவனுக்காகக் காத்திருப்பவளின் பொருட்டு, முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆய்மகள் ஒருத்தி, பாலுக்கு ஏங்கும் கன்றைப் பார்த்து, உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவர் என்கிறாள். அவள் சொன்னது பசுக்களைப் பற்றி, அது உண்மையும்கூட. அதனை அரசனின் வருகையோடு கூட்டியவர் முதுபெண்டிர். நற்சொல் கேட்டோம், வருந்தாதே என்று அவர்கள் பலமுறை சொல்லியும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை என்பதைப் புலவர் மறைக்கவில்லை. உரையாசிரியர்களின் கண்ணில் இது கற்பின் சிறப்பு. வேறொரு விதமாகவும் வாசிக்கலாம்: அந்தக் கூட்டல் எவருடையது என்பதை அவள் அறிந்திருந்தாள்.

பாட்டின் முடிவில் தலைவன் வந்துவிடுகிறான். தீவகத்துத் தாய்க்குப் பாட்டின் முடிவு வாய்க்கவில்லை. தை பிறந்தது, பல தைகள் பிறந்தன. குற்றமற்ற நன்மையைத் தருமிடத்துப் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் விலக்களித்தார். சாத்திரியாரின் சார்பில் இக்குறளைக் காட்டுவோர் 'குற்றமற்ற' என்னும் அடையை விரைந்து கடந்துவிடுகின்றனர். மகன் இருக்கிறான் என்ற வாக்கியத்தை நம்பியவள் அவனுக்கு அந்தியேட்டி செய்யவில்லை. ஆண்டுத் திவசம் செய்யவில்லை. வீட்டிலிருந்த மற்றப் பிள்ளையின் கலியாணத்தை அண்ணன் வரட்டும் என்று தள்ளிவைத்தாள். மறுபுறத்தில், அந்த வாக்கியம் இல்லாதிருந்தால் அவள் வீதியில் இறங்கிப் படத்தை ஏந்தி நின்றிருப்பாளா, 2017இலிருந்து தொடரும் போராட்டக் கொட்டிலில் வெயிலில் அமர்ந்திருப்பாளா என்பதும் எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. பொய்யான கூட்டல் ஒன்று மெய்யான கேள்வியை உயிருடன் வைத்திருக்கக்கூடும். ஆயினும் அக்கடன் கேள்வியைக் கேட்கும் தாய்க்கு உரியது. சொன்னவருக்கு அதில் வரவு வைக்க இயலாது. 'நானல்லன், கிரகம் சொல்கிறது' என்று அவர் முன்னரே தம் பெயரை எடுத்துவிட்டார். பழியை ஏற்காதவருக்குப் புகழில் மட்டும் எவ்வாறு பங்கு வரும்?

2016இல் இலங்கைச் சட்டம் ஒரு புதுவகைச் சான்றிதழுக்கு இடமளித்தது. காணாமற்போனவர் இறந்தார் என்றும் அது கூறாது, இருக்கிறார் என்றும் கூறாது. காணப்படவில்லை என்று மாத்திரம் பதியும். அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்கக் கண்ட வழி என்று அதனை ஏற்க மறுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களின் சினம் நியாயமானது. பிடித்துச் சென்றவர் யார் என்ற கேள்விக்கு அச்சான்றிதழில் இடமே இல்லை. எனினும், இருக்கும் குறிகளுக்கு மேல் ஒரு சொல்லையும் கூட்டாத வாக்கியம் எப்படியிருக்கும் என்பதை அக்கடதாசி காட்டுகிறது. சாத்திரியாரின் மரபிலும் அத்தகைய வாக்கியத்துக்கு இடமில்லாமலில்லை. கேட்ட வேளை சரியில்லை, இன்றைக்கு ஒன்றும் தெளியவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் அம்மா என்று சொல்லி, வைத்த தட்சணையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தத் தாய் வேறொரு சாத்திரியாரைத் தேடிப் போகக்கூடும். போகும் வழியில், கூட்டப்படாத அந்தக் குறிகள் அவளிடமே இருக்கும்.